கசிந்த வாயு எங்கே போயிற்று?



சிம்பாங் பூலாய் வெயிலை நாம் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஈப்போவிலிருந்து கோப்பெங் போகும் சாலையில் நண்பகலில் நின்றால், ஒரு பக்கம் சுண்ணாம்புக் குன்று வெயிலை வாங்கி நம்மீதே திருப்பி வீசும். மறுபக்கம் கல் ஏற்றிச் செல்லும் லாரிகள் வெண்தூசைக் கிளப்பும். காரின் கண்ணாடியை ஏற்றினால் புழுக்கம், இறக்கினால் தூசு. பழைய காரே ஆனாலும் ஏர்கோன் மட்டும் வேலை செய்ய வேண்டும் என்று நம் குடும்பங்கள் எண்ணுவது இதனால்தான். கைக்குழந்தையையும் வயதான பெற்றோரையும் ஈப்போ மருத்துவமனைக்கு ஏற்றிச் செல்பவர்களிடம் அது ஆடம்பரம் என்று யார் சொல்ல முடியும்?

சென்ற பெற்றோர் கூட்டத்தின்போது ஒரு தகப்பனார் நம்மிடம் கேட்டார்: "சார், காரில் ஏர்கோன் குளிரவே மாட்டேன் என்கிறது. கேஸ் டின் வாங்கி வீட்டிலேயே அடித்துக் கொள்ளலாம் என்கிறார்கள். பட்டறைக்குப் போனால் காசு அதிகம். நாமே செய்தால் என்ன?"

நியாயமான கேள்வி. சம்பள நாளை எண்ணிக் கொண்டிருக்கும் வீட்டில் எழும் கேள்வி. விடையைக் கடைசியில் சொல்கிறோம். அந்த டின்னுக்குள் என்ன இருக்கிறது, அது எப்படி வந்தது, அதை அடைத்து வைக்க மனிதர் பட்ட பாடு என்ன என்பதை முதலில் பார்ப்போம். அந்த வரலாற்றின் நடுவே நம் தமிழர் ஒருவரும் நிற்கிறார்.

முதலில் ஒரு சிறு பாடம். குளிர் என்று தனியாக ஒரு பொருள் உலகில் கிடையாது. வெப்பம் ஓரிடத்தை விட்டு விலகினால் அதைத்தான் நாம் குளிர் என்கிறோம். நம் பாட்டிமார் இதை ஏட்டில் படிக்காமலே அறிந்திருந்தார்கள். மண்பானையில் ஊற்றிய நீர் பானையின் நுண்ணிய துளைகள் வழியே கசிந்து வெளிப்புறத்தை நனைக்கிறது. அந்த ஈரம் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. உள்ளே இருக்கும் நீர் குளிர்கிறது. பால் வெட்டி முடித்து வியர்வையோடு நிற்பவர் மேல் காற்றுப் பட்டால் உடல் சிலிர்ப்பதும் இதே விதியால்தான். திரவம் ஆவியாகும்போது பக்கத்தில் உள்ள வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். இந்த ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொண்டால் ஏர்கோன் பாடத்தில் பாதி முடிந்தது.

வெள்ளைக்காரர் இந்தியாவுக்கும் மலாயாவுக்கும் வந்தபோது, வெயிலைத் தாங்க முடியாமல் பல வழிகளைத் தேடினார்கள். கூரையில் பெரிய துணி விசிறியைத் தொங்கவிட்டு, கயிற்றைக் கட்டி, ஓர் ஆளை உட்கார வைத்து நாள் முழுதும் இழுக்கச் சொன்னார்கள். அதற்குப் பங்கா என்று பெயர். கயிற்றை இழுத்த கைகளில் நம்மவர் கைகளும் உண்டு. துரை குளிர்ந்தார், இழுத்தவர் வியர்த்தார். ஓரிடம் குளிர வேண்டுமானால் அந்த வெப்பத்தை வேறோர் இடம் சுமக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

அடுத்து வந்தது பனிக்கட்டி வாணிபம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த ஃபிரெடெரிக் டியூடர் என்பவர், குளிர்காலத்தில் உறைந்துபோகும் ஏரிகளிலிருந்து பனியைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி வெப்ப நாடுகளுக்கு அனுப்பினார். 1833-ஆம் ஆண்டு மே மாதத்தில் பாஸ்டனிலிருந்து புறப்பட்ட 'டஸ்கனி' என்னும் கப்பல் ஏறத்தாழ 180 டன் பனிக்கட்டியைச் சுமந்து வந்தது. நான்கு மாதம் கடலில் மிதந்து கல்கத்தாவை அடைந்தபோது ஏறத்தாழ 100 டன் கரையாமல் இருந்தது. இந்த வெற்றியைக் கண்டு 1842-ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரையில் பனிக்கட்டியைச் சேமிக்க ஒரு கட்டடம் எழுப்பினார்கள். சென்னை மக்கள் இன்றும் 'ஐஸ் ஹவுஸ்' என்று சொல்லும் இடம் அதுதான். பிற்காலத்தில் அது கைமாறி வீடாயிற்று. 1897-ஆம் ஆண்டில் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார்; அவர் பெயரையே இன்று அந்த இல்லம் தாங்கி நிற்கிறது. நம் பக்கத்திலும் இது நடந்தது. 1854-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் ஹூ ஆ கே என்னும் சீன வணிகர், வாம்போவா என்று மக்கள் அழைத்தவர், ஒரு பனிக்கட்டிக் கிடங்கு அமைத்து அமெரிக்கப் பனியை இறக்குமதி செய்தார். வாங்கியவர்கள் செல்வர்களும் வெள்ளைக்காரர்களுமே. கூலிக்காரர் கண்ணில் அது பட்டிருந்தாலும் நாவில் பட்டிருக்காது.

ஏரிப் பனியை நம்பியிராமல் இயந்திரத்தால் குளிரூட்டும் முயற்சியும் இதே காலத்தில் நடந்தது. 1834-ஆம் ஆண்டில் லண்டனில் ஜேக்கப் பெர்கின்ஸ் என்பவர் ஈதர் என்னும் திரவத்தை ஆவியாக்கி, மீண்டும் அழுத்தித் திரவமாக்கும் இயந்திரத்துக்கு உரிமை பெற்றார். மண்பானையில் ஆவியான நீர் காற்றோடு போய்விடுகிறது அல்லவா? பெர்கின்ஸ் அதைப் போகவிடாமல் பிடித்து, திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார். இன்றைய ஏர்கோனின் தாத்தா அந்த இயந்திரம்.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஜான் கோரி என்ற மருத்துவர் இருந்தார். மலேரியாக் காய்ச்சலில் வேகும் நோயாளிகளின் அறையைக் குளிர்விக்க எண்ணி, பனிக்கட்டி செய்யும் இயந்திரம் அமைத்து 1851-ஆம் ஆண்டில் உரிமை பெற்றார். கெட்ட காற்றால் மலேரியா வருகிறது என்று அக்காலத்து மருத்துவர்களைப் போலவே அவரும் நம்பினார். கொசுவே காரணம் என்பதற்கான சான்றை 1897-ஆம் ஆண்டில் இந்தியாவின் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டுபிடித்தார். தோட்டங்களில் மலேரியாவுக்கு எத்தனை உயிர்களைக் கொடுத்தோம் என்பது நம் முன்னோர் சொல்லக் கேட்ட கதை. கோரி பிடித்த காரணம் தவறு. அவர் செய்த இயந்திரம் பிழைத்தது. ஆனால் அதற்கு முதல் போடுபவர் கிடைக்காமல், 1855-ஆம் ஆண்டில் அவர் மனமுடைந்து இறந்தார். செகந்திராபாத் என்ற ஊர்ப் பெயரை நினைவில் வையுங்கள். மீண்டும் அங்கே வருவோம்.

இயந்திரங்கள் பெருகின. ஆனால் அவற்றுக்குள் ஓடிய வாயுக்களோ பொல்லாதவை. அம்மோனியா மூச்சை அடைக்கும். கந்தக டை ஆக்சைடு நெஞ்சை அரிக்கும். மெதில் குளோரைடு வாசனை தெரியாமலே ஆளைக் கொல்லும். குழாயில் ஒரு சிறு கசிவு ஏற்பட்டால் உறங்கும் குடும்பம் காலையில் எழாமலே போகலாம். அதனால் குளிர்ப்பெட்டியை வீட்டுக்குள் வைக்கவே மக்கள் அஞ்சினார்கள்.

இந்த அச்சத்தைப் போக்கியவர் தாமஸ் மிட்ஜ்லி என்ற அமெரிக்கர். 1928-ஆம் ஆண்டில் அவரும் அவருடைய கூட்டாளிகளும் கார்பன், குளோரின், ஃபுளோரின் ஆகிய மூன்றும் சேர்ந்த புதிய வாயு ஒன்றை உருவாக்கினார்கள். 1930-ஆம் ஆண்டில் அறிஞர் கூட்டத்தின் முன்னால் மிட்ஜ்லி அந்த வாயுவைத் தாமே மூச்சில் இழுத்து, எரியும் மெழுகுவத்தியின் மேல் ஊதி அணைத்துக் காட்டினார். நஞ்சும் இல்லை, தீப்பற்றவும் இல்லை என்பதற்கு அதுவே சான்று. 'ஃபிரியான்' என்ற பெயரில் அது உலகெங்கும் பரவியது. நம் பட்டறைக்காரர்கள் 'ஆர்-12' என்று சொன்ன வாயு இதுதான். பெட்ரோலில் ஈயத்தைக் கலக்கும் வழியை 1921-ஆம் ஆண்டில் கண்டவரும் இதே மிட்ஜ்லிதான். இரண்டும் வந்த நாளில் வரமாகத் தெரிந்தன. இரண்டையும் பின்னாளில் உலகம் விலக்க வேண்டியதாயிற்று.

ஃபிரியான் வந்த பிறகு காருக்குள்ளும் குளிர் நுழைந்தது. 1939-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் ஏர்கோன் பொருத்திய காரை அறிவித்தது. இன்றைய பிள்ளைகள் அதைப் பார்த்தால் சிரிப்பார்கள். குளிரூட்டும் கருவி சாமான் வைக்கும் பின்பகுதியைப் பெரும்பாலும் அடைத்துக்கொண்டது. குளிர் போதும் என்றால் நிறுத்த ஒரு பித்தான் கிடையாது. வண்டியை நிறுத்தி, முன்மூடியைத் திறந்து, கம்ப்ரசரை ஓட்டும் பட்டையைக் கழற்ற வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது. 1954-ஆம் ஆண்டில் நாஷ் நிறுவனம் எல்லாவற்றையும் முன்பக்கமே அடக்கிச் சிறிதாக்கிக் காட்டிய பிறகுதான் கார் ஏர்கோன் மெல்ல மெல்ல எளியவர் கைக்கும் எட்டத் தொடங்கியது.

இப்போது உங்கள் கார் ஏர்கோனைப் பார்ப்போம். இன்ஜினோடு பட்டையால் சுழலும் கம்ப்ரசர், வாயுவை அழுத்திச் சூடாக்குகிறது. அது காரின் முகப்பில் இருக்கும் கண்டென்சருக்குப் போய், எதிர்க்காற்றில் வெப்பத்தை விட்டுத் திரவமாகிறது. அந்தத் திரவம் ஒரு குறுகிய வால்வு வழியாகப் பீறிட்டு, உள்ளே இருக்கும் கூலிங் காயிலில் ஆவியாகிறது. அப்போது காருக்குள் இருக்கும் வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. பிறகு மீண்டும் கம்ப்ரசருக்கே திரும்புகிறது. காரின் அடியில் சொட்டும் நீரைக் கண்டு சிலர் பதறுகிறார்கள். அது உள்ளே இருந்த காற்றின் ஈரம். அதனால் கெடுதல் இல்லை.

இந்தச் சுற்றில் முக்கியமான ஒன்றைக் கவனியுங்கள். வாயு எங்கும் செலவாவதில்லை. பெட்ரோல் எரிந்து தீரும்; எண்ணெய் அழுக்காகும்; இந்த வாயுவோ மூடிய குழாய்க்குள் ஆண்டுக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்படியானால் "கேஸ் தீர்ந்துவிட்டது" என்று சொல்வதன் பொருள் என்ன? பெரும்பாலும் எங்கோ ஓட்டை என்று பொருள்.

அப்படி ஓட்டை வழியே போன வாயு எங்கே போகிறது? இந்தக் கேள்வி மீண்டும் நம்மைச் செகந்திராபாத்துக்கு அழைத்துப் போகிறது.

வீரபத்ரன் ராமநாதன் என்பவர் 1944-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் பிறந்தவர். தந்தை மோட்டார் டயர் விற்கும் பணியில் இருந்தவர். சிறுவன் ராமநாதன் முதலில் தமிழில் படித்தான். பதினோராம் வயதில் குடும்பம் பெங்களூருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பாடமெல்லாம் ஆங்கிலத்தில். வகுப்பில் முன்னே நின்றவன் பின்னுக்குத் தள்ளப்பட்டான். ஆசிரியர் சொல்வது புரியாமையால் எதையும் தானே யோசித்து அறியும் பழக்கம் அவனுக்கு வந்தது. தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போய்த் தடுமாறும் நம் பிள்ளைகள் இதைக் கேட்க வேண்டும் என்பதற்காகவே சொல்கிறோம்.

சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அவர் பொறியியல் பட்டம் பெற்றார். பிறகு செகந்திராபாத்தில் குளிர்ப்பெட்டி செய்யும் தொழிலில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை என்ன தெரியுமா? குளிர்ப்பெட்டிகளிலிருந்து ஃபிரியான் வாயு ஏன் இவ்வளவு விரைவாகக் கசிந்து போகிறது என்று கண்டறிவது. இன்று நம் பிள்ளைகள் ஈப்போப் பட்டறைகளில் செய்கிற அதே வேலை!

பின்னர் அவர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் படித்து, 1970-ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்றார். 1974-ஆம் ஆண்டில் கலிஃபோர்னியாவில் மரியோ மொலீனா, ஷெர்வுட் ரோலண்டு என்ற இரு அறிஞர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஃபிரியான் போன்ற வாயுக்கள் கீழே எதனோடும் சேராமல், அழியாமல், வான்வெளியின் மேலடுக்குக்கு ஏறிவிடுகின்றன. அங்கே சூரியனின் புற ஊதாக்கதிர் அவற்றை உடைக்கிறது. விடுபடும் குளோரின், நம்மைக் காக்கும் ஓசோன் படலத்தைத் தின்கிறது. ஒரு குளோரின் அணு பல்லாயிரக்கணக்கான ஓசோன் மூலக்கூறுகளை அழிக்க வல்லது என்றார்கள்.

இதைப் படித்த ராமநாதனுக்கு வேறொரு கேள்வி தோன்றியது. இந்த வாயுவை அவர் அறிவார். அது கசிந்த குழாய்களைத் தம் கையால் தொட்டவர் அவர். வானில் இவ்வளவு காலம் தங்கும் வாயு, பூமியிலிருந்து எழும் வெப்பத்தையும் தடுத்து நிறுத்துமோ? கணக்கிட்டுப் பார்த்தார். விடை அவரையே திகைக்க வைத்தது. இந்த வாயுவின் ஒரு மூலக்கூறு, கரியமில வாயுவின் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மூலக்கூறுகள் தடுக்கும் அளவு வெப்பத்தைத் தடுக்கிறது. 1975-ஆம் ஆண்டில் 'சயின்ஸ்' இதழில் அதை வெளியிட்டார். கரியமில வாயு ஒன்றுதான் பூமியைச் சூடாக்குகிறது என்று எண்ணியிருந்த உலகத்துக்கு அது புதுச் செய்தி. வீட்டைக் குளிர்விக்கச் செய்த வாயு, வீட்டைவிட்டு வெளியேறினால் உலகத்தைச் சூடாக்குகிறது! கசிந்த வாயு எங்கே போயிற்று என்ற கேள்விக்கு நம் தமிழர் ஒருவர் கண்ட விடை இது.

1985-ஆம் ஆண்டில் தென்துருவத்தில் ஆராய்ந்த ஆங்கிலேய அறிஞர்கள், ஒவ்வொரு வசந்த காலத்திலும் அங்கே ஓசோன் பெரிதும் குறைந்து போவதைக் கண்டறிந்தார்கள். உலகம் விழித்துக்கொண்டது. 1987-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் நாள் கனடாவின் மாண்ட்ரீல் நகரில் ஓர் உடன்படிக்கை உருவாயிற்று. இந்த வாயுக்களைப் படிப்படியாகக் கைவிட நாடுகள் ஒப்புக்கொண்டன. மலேசியா 1989-ஆம் ஆண்டிலேயே அதில் சேர்ந்தது. 2010-ஆம் ஆண்டு தொடக்கத்தோடு வளரும் நாடுகளும் இந்த வாயுக்களின் பயன்பாட்டை நிறுத்த வேண்டும் என்று முடிவாகியிருந்தது. மொலீனாவும் ரோலண்டும் பால் குருட்சன் என்பவரோடு 1995-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். தென்துருவ ஓசோன் இந்த நூற்றாண்டின் நடுப்பகுதியைத் தாண்டி, 2066-ஆம் ஆண்டை ஒட்டிப் பழைய நிலைக்கு வரலாம் என்று ஐக்கிய நாடுகள் சபையின் அறிஞர் குழு கணித்துள்ளது. மனிதர் ஒன்றுகூடித் தவற்றைத் திருத்த முடியும் என்பதற்கு இதைவிட நல்ல செய்தி நம்மிடம் அதிகம் இல்லை.

ஆர்-12 போன பின், 1990-களில் கார்களுக்கு ஆர்-134ஏ என்ற வாயு வந்தது. அதில் குளோரின் இல்லை. ஓசோனை அது தின்னாது. ஆனால் பூமியைச் சூடாக்கும் குணம் மட்டும் போகவில்லை. எடைக்கு எடை பார்த்தால், கரியமில வாயுவைவிட அது ஏறத்தாழ 1,430 மடங்கு வலியது. ஒரு காரில் அரைக் கிலோ வாயு இருப்பதாகக் கொள்வோம். அதை வெளியே விட்டால், ஏறத்தாழ 300 லிட்டர் பெட்ரோலை எரித்த அளவுக்குப் பூமி சூடாகும். நம் சிறிய காரின் தொட்டியில் ஏழெட்டு முறை நிரப்பும் பெட்ரோல் அது! அதனால்தான் 2016-ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் கிகாலி நகரில் கூடிய நாடுகள் இதையும் குறைத்துக்கொள்ள முடிவு செய்தன. புதிய கார்கள் பலவற்றில் ஆர்-1234ஒய்எஃப் என்ற வேறொரு வாயு வந்துவிட்டது. அது பூமியை அவ்வளவாகச் சூடாக்காது. ஆனால் சிறிது தீப்பற்றும் குணமுடையது.

இனி அந்தத் தகப்பனாரின் கேள்விக்கு வருவோம். எங்கள் வீட்டுக் கதையையே சொல்லிவிடுகிறோம். எங்கள் பழைய காருக்கு ஒரே ஆண்டில் மூன்று முறை கேஸ் அடித்தோம். ஒவ்வொரு முறையும் இரண்டு மாதம் குளிர்ந்தது. பிறகு பழையபடி வெந்தது. கேஸ் அடித்தவரும் ஏன் குறைகிறது என்று பார்க்கவில்லை; நாங்களும் கேட்கவில்லை. நான்காம் முறை, எங்களிடம் படித்த மாணவர் ஒருவர், இப்போது பட்டறையில் வேலை செய்பவர், முன்மூடியைத் திறந்து பார்த்தார். ஒரு குழாய் இணைப்பில் எண்ணெய்க் கறை படிந்திருந்தது. சோப்பு நுரையைத் தடவினார்; குமிழி கிளம்பியது. "சார், கேஸ் எல்லாம் இந்த வழியாகத்தான் போயிருக்கிறது" என்றார். உள்ளே இருந்த சிறு ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. அது சில வெள்ளிக்குக் கிடைக்கும் பொருள். நம் பால்மரத்து ரப்பர் எண்ணெயில் ஊறிக் கெட்டுவிடும். ஆகவே அந்த வளையத்தைச் செயற்கை ரப்பரில் செய்கிறார்களாம். தோட்டத்திலேயே வளர்ந்த நமக்கு அன்றுதான் அது தெரிந்தது. மூன்று முறை கொடுத்த காசைவிட, மூன்று முறை வானத்துக்கு அனுப்பிய வாயுவை எண்ணித்தான் வெட்கப்பட்டோம். ஓட்டைப் பானையில் நீர் நிறைத்துவிட்டு வெயிலைத் திட்டியது போல ஆயிற்று எங்கள் கதை.

ஆகவே நாம் சொல்வது இது. ஏர்கோன் குளிரவில்லையென்றால் உடனே டின்னைத் தேடாதீர்கள். காற்று வடிகட்டி அழுக்கேறியிருக்கலாம். கண்டென்சரைத் தூசு அடைத்திருக்கலாம். விசிறி சுழலாமல் இருக்கலாம். இவற்றை வீட்டிலேயே பார்க்கலாம். சிம்பாங் பூலாய்த் தூசுக்கு இவை அடிக்கடி நேர்வதே. வாயுதான் குறைந்தது என்று தெரிந்தால், கசிவைக் கண்டுபிடித்து அடைத்த பிறகே நிரப்ப வேண்டும். இருக்கும் வாயுவை உறிஞ்சிச் சேமித்து, குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் பம்பால் வெளியேற்றி, நிறுத்துப் பார்த்து நிரப்புகிற பட்டறையைத் தேடுங்கள். ஈரம் உள்ளே தங்கினால் வால்வில் உறைந்து வழியை அடைக்கும். நாளடைவில் அமிலமாகி உலோகத்தை அரிக்கும். வாயு கூடினாலும் குளிராது. கம்ப்ரசரே கெட்டுப் போகலாம்.

இத்தனைக்கும் பிறகு வீட்டில்தான் செய்வேன் என்பவர், காரின் முன்மூடிக்கு அடியில் ஒட்டியிருக்கும் தாளில் எந்த வாயு, எத்தனை கிராம் என்று முதலில் படிக்கட்டும். ஒரு வாயுவோடு வேறொன்றைக் கலக்கவே கூடாது. சமையல் கேஸை நிரப்பலாம் என்று யாராவது சொன்னால் காதை மூடிக்கொள்ளுங்கள். அது காருக்குள் குண்டு வைப்பதற்குச் சமம். அழுத்தம் மிகுந்த பக்கத்தில் டின்னைப் பொருத்தினால் டின் வெடிக்கும். ஆர்-134ஏ சுழியத்துக்குக் கீழே 26 பாகையிலேயே கொதிப்பது. கையில் தெறித்தால் தோல் வெள்ளையாக உறைந்து தீப்பட்டது போல் புண்ணாகும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. நம் பக்கத்துப் பையன் ஒருவன் வெறுங்கையோடு டின்னைத் திருகி, இரண்டு விரலில் கொப்புளத்தோடு பள்ளிக்கு வந்தான். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல், காற்றோட்டம் இல்லாத இடத்தில், நெருப்புக்கு அருகில் இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

நேயர்களே, பங்காக் கயிற்றை இழுத்தவர் பேரப்பிள்ளைகள் இன்று குளிர்ந்த காரில் பள்ளிக்குப் போகிறார்கள். அது நமக்கு மகிழ்ச்சியே. அன்று துரையின் வெப்பத்தைச் சுமந்தவர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தார், கண்ணுக்குத் தெரிந்தார். இன்று நாம் கசியவிடும் வாயுவின் வெப்பத்தைச் சுமக்கப் போகிறவர்கள் இன்னும் பிறக்கவில்லை. அடுத்த முறை "கேஸ் அடித்துக் கொடு" என்று சொல்வதற்கு முன், "பழைய கேஸ் எங்கே போயிற்று?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். உங்கள் காசும் மிஞ்சும்.